ஆர்ஓ தண்ணீரில் கனியுப்பைத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டுமா? (உப்புவெளி, மணல் கிணறு)

உப்புவெளியான்:

வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். பைப் இணைப்பு இல்லை, மணல் கிணறுதான். மாரி காலத்தில் தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்கும். கச்சான் காற்று பிடித்தால் சவர்க்கத் தொடங்கிவிடும், கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தடிப்புப் பிடிக்கும். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. அதனால் குசினியில் சிங்குக்குக் கீழே ஒரு ஆர்ஓ பில்டர் (மென்சவ்வால் உப்பை வடித்துவிடுவது) பூட்டினோம்.

பூட்டிய பிறகு வீட்டில் வேறு பிரச்சினை. தேத்தண்ணி சப்பென்று இருக்கிறதாம், சாயம் ஏறவில்லையாம். அன்புவழிபுரத்திலிருந்து வந்த மாமி ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, "இந்தத் தண்ணி எலும்பில இருக்கிற கல்சியத்தை உறிஞ்சி எடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அன்றிலிருந்து அம்மா பில்டர் தண்ணியைக் குடிக்காமல் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறா.

பில்டர் பூட்டியவர் ஒரு 'மினரல் காட்ரிஜ்' போட்டால் எல்லாம் சரி என்கிறார். விலை கேட்டேன், பில்டர் விலையில் கால்வாசி. யூடியூபில் ஒருவர் இமயமலை உப்பு ஒரு சிட்டிகை போடச் சொல்கிறார். கூட வேலை செய்கிறவர் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று) என்கிறார். அது பேதிக்குக் கொடுக்கிற சாமான் இல்லையா?

பில்டர் வாங்க முன்னர் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அந்தக் காகிதத்தில் உள்ளவை: பிஎச் (அமில, கார அளவு) 7.4, ரிடிஎஸ் (கரைந்திருக்கிற மொத்தப் பொருள்) 750, மொத்த வன்மை (கடினம்) 340, கல்சியம் 96, மக்னீசியம் 24, காரத்தன்மை 280, குளோரைட்டு 230, சல்பேற்று 40, நைத்திரேற்று 20, புளோரைட்டு 0.6. பிஎச் தவிர மற்றதெல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம். பில்டரில் இருந்து வரும் தண்ணீரை ரிடிஎஸ் பேனா 18 என்று காட்டுகிறது.

இதில் ஏதாவது சேர்க்கத்தான் வேண்டுமா? சேர்ப்பதென்றால் எது, எவ்வளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாப் பாலம்:

மச்சான், காசு செலவழிக்க வேண்டாம். சில பில்டரில் ஒரு சின்னத் திருகு வால்வு இருக்கும், அதைக் கொஞ்சம் திறந்தால் ஆர்ஓவுக்குள் போகாத தண்ணியும் சேர்ந்து வரும். பேனா 100 காட்டுகிற அளவில் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

கனியுப்பு இன்னும் வேண்டுமென்றால் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வாருங்கள்.

நிலாவெளி பம்ப்ரூம்:

தம்பி, நான் நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்குத் தண்ணீர் வேலை பார்க்கிறவன். பம்ப், தாங்கி, ஆர்ஓ, கோப்பி மெசின் எல்லாம் என் தலையில்தான். கோப்பி வாயில் வைக்க முடியவில்லை என்று விருந்தினர் சொன்னால், போட்ட பெடியனை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இந்த விசயத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், முழு அறிக்கையையும் போட்டதற்கு நன்றி. பாதிப் பேர் பேனா காட்டுகிற ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பார்கள். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஒரு மதிப்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது கல்சியமா கறியுப்பா என்று அதற்குத் தெரியாது. உங்கள் 18 இல் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி சோடியமும் குளோரைட்டும். மென்சவ்வு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் நன்றாகப் பிடித்துவிடும், சோடியத்தைத்தான் கொஞ்சம் நழுவ விடும்.

கிணற்றைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 இல் ரிடிஎஸ் 500, வன்மை 250 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் கிணறு இரண்டையும் தாண்டுகிறது. குளோரைட்டு எல்லையான 250 ஐத் தொடப் போகிறது. அறிக்கையில் சோடியம் இல்லை. ஆனால் மற்ற எண்களை வைத்து நேர், மறை மின்னேற்றங்கள் சமப்படுகிற கணக்குப் போட்டால் அது 150 அளவில் வருகிறது. அப்படியென்றால் அந்தத் தண்ணியில் நாளுக்கு 2 லீற்றர் குடித்தால் 300 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்கிற உச்ச அளவே 2000தான். பிரஷர் உள்ள ஆளுக்கு இது சின்ன விசயம் இல்லை. கொதிக்க வைத்தால் சோடியம் போகாது. கொதிக்கும்போது போவது கல்சியம்தான், அதுதான் கேத்தலின் அடியில் பிடித்திருக்கிறது. ஆகவே அம்மா இப்போது செய்வதில் வேண்டியது கழிந்துபோகிறது, வேண்டாதது தங்கிவிடுகிறது. இதை மட்டும் அவவுக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சரி, இனி சேர்க்கிற கதை. யாராவது "மினரல் சேர்க்க வேண்டுமா" என்று கேட்டால், எதற்காக என்று நான் திருப்பிக் கேட்பேன். ருசிக்கா, பில்டர் தண்ணியின் அமிலத்தன்மைக்கா, உடம்புக்கா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. விற்கிறவர்கள் மூன்றையும் ஒரே காட்ரிஜுக்குள் அடைத்துவிடுவார்கள்.

உடம்பை முதலில் முடித்துவிடுகிறேன், மாமிக்கும் பதில் ஆகட்டும். செக் நாட்டு ஆய்வாளர் பிரான்டிசெக் கோசிசெக், உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்றில், கனியுப்பு நீக்கிய தண்ணீரைப் பற்றி எழுதினார். மக்னீசியம் குறைந்தது 10, கல்சியம் குறைந்தது 20, 50 அளவில் இருந்தால் நல்லது என்பது அவருடைய கருத்து. வீடியோக்காரர்கள் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டுரையைத்தான். ஆனால் அதே நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டலில் கல்சியத்துக்கோ மக்னீசியத்துக்கோ 'இவ்வளவாவது இருக்க வேண்டும்' என்று ஒரு எல்லை வைக்கவில்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். தண்ணீரில் 50 இருந்து 2 லீற்றர் குடித்தால் 100 வருகிறது, பத்தில் ஒரு பங்கு. 100 கிராம் குரக்கன் மாவில் மட்டும் 300 க்கு மேல் இருக்கிறது. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் அதுவும் நல்ல அளவு (பிரஷர்காரருக்கு அதன் உப்பு ஆகாது, பச்சை நெத்தலி பார்க்கச் சொல்லுங்கள்). முருங்கையிலையும் பாலும் தயிரும் தெரிந்ததுதானே. ஒழுங்காகச் சாப்பிடுகிற வீட்டில் ஆர்ஓ தண்ணி எலும்பை உறிஞ்சாது. தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக நாளைக் கழிக்கிற ஆள் என்றால் தண்ணீரில் உள்ள அந்தப் பத்தில் ஒரு பங்கும் கணக்குத்தான். அந்த அளவுக்கு மாமி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது அமிலம். தண்ணீரில் கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டு ஒரு வாயு, அது மென்சவ்வைத் தாண்டி வந்துவிடும். அதை அடக்கி வைத்திருந்த இருகாபனேற்று (காரத்தன்மையைத் தருவது இதுதான்) அந்தப் பக்கமே நின்றுவிடும். அதனால் உங்கள் கிணற்றில் 7.4 ஆக இருந்த பிஎச், பில்டருக்கு வெளியே 6 க்குக் கீழேயும் போகலாம். பயப்பட வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி இதைவிடப் பலமடங்கு அமிலம். மிகப் பலவீனமான அமிலம் என்பதால் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. ஆபத்து உலோகத்துக்குத்தான். யாழ்ப்பாணத்துக்கென்று தாளையடியில் கட்டியது போன்ற கடல்நீர் நிலையங்களில், தண்ணீரைக் குழாய்க்குள் விடமுன் சுண்ணாம்பு வகை ஏதாவது சேர்ப்பது வழமை. சேர்க்காவிட்டால் அந்தத் தண்ணி குழாயையே அரிக்கத் தொடங்கும். வீட்டில் இதற்குச் சமமான ஆபத்து செம்புக் குடம். உடம்புக்கு நல்லது என்று ஆர்ஓ தண்ணியைச் செம்புக் குடத்திலும் பித்தளைச் செம்பிலும் இரவு முழுக்க ஊற்றி வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செம்பு கரையும். கண்ணாடி, மண், நல்ல துருப்பிடிக்காத உருக்கு, இவற்றில் வையுங்கள்.

பிஎச் பேனா வாங்கிச் சோதிக்க நினைத்தால் அதுவும் வேண்டாம். இவ்வளவு சுத்தமான தண்ணியில் மலிவான பேனா ஒரு எண்ணில் நிற்காது, அலைந்துகொண்டே இருக்கும்.

இனி ருசி. உண்மையில் உங்கள் வீட்டில் குழப்பம் இதில்தான். காரத்தன்மை கூடிய கடினத் தண்ணியில் தேத்தண்ணி கறுத்துத் தடித்து வரும், மேலே ஒரு ஆடையும் மிதக்கும். அம்மா பல வருசமாக அதைத்தான் குடித்திருப்பா. ஆர்ஓ தண்ணியில் அதே தேயிலை சிவந்து, மெல்லியதாக, கொஞ்சம் துவர்ப்பாக வரும். சாயத்தைக் கறுக்க வைப்பது இருகாபனேற்று. சில தேத்தண்ணிக் கடைகளில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டுச் சாயம் ஏற்றுவார்களே, அதற்கும் காரணம் இதுதான். வெறும் தண்ணியின் சப்புத்தன்மைக்கும் கொஞ்சம் இருகாபனேற்றும் கொஞ்சம் மக்னீசியமும் போதும்.

இப்போது வழிகள்.

இமயமலை உப்பு: அதில் 97, 98 வீதம் கறியுப்புத்தான், மிச்சம் நிறம். பிரஷருக்காக 150 சோடியத்தைக் காசு கொடுத்து வடித்துவிட்டு மறுபடி அதையே போடுவதா?

காட்ரிஜ்: உள்ளே என்ன என்று கேளுங்கள். கல்சைட்டு என்று சொன்னால் நல்லது, அது சுண்ணக்கல் மணிகள். அமிலத் தண்ணி பட்டால் கரையும், அமிலம் தீர்ந்தால் தானாகவே நின்றுவிடும், கூடிப்போகாது. உங்கள் கிணற்றின் காபனீரொட்சைட்டை வைத்துப் பார்த்தால் வன்மை 20 முதல் 40 வரை ஏறும், பிஎச் 7 ஐத் தாண்டும். கைவேலை ஒன்றும் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. மக்னீசியம் ஒட்சைட்டு கலந்தவையும் உண்டு. அது கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை. கூடுதலாக இருந்து தண்ணி இரவு முழுக்க உள்ளே நின்றால் பிஎச் 10 க்கும் போகும், காலையில் முதல் குவளை சவுக்காரம் போலிருக்கும். அதை வெளியே விட்டுவிட வேண்டும். பீங்கான் உருண்டைகள், 'காந்தக் கல்', 'சக்திக் கல்' என்று வண்ணவண்ணமாக அடைத்து விற்கிற காட்ரிஜை வாங்காதீர்கள். பூட்ட முன் 18, பூட்டிய பின் 21 என்றால் அது அலங்காரம்தான்.

அளக்கிறதற்கு மலிவான வழி ஒன்று சொல்கிறேன். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் ஜிஎச், கேஎச் என்று சொட்டு மருந்துச் சோதனை கிடைக்கும். ஜிஎச் வன்மை, கேஎச் காரத்தன்மை. ஒரு டிகிரி என்றால் லீற்றருக்கு 17.9 மில்லிகிராம். பேனா சொல்லாததை இது சொல்லும்.

கையால் சேர்ப்பது: கோப்பி மெசினுக்கு நான் செய்வது இதுதான், உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இரண்டு கண்ணாடிப் போத்தல் எடுங்கள். ஒன்றில் கொதித்து ஆறிய ஆர்ஓ தண்ணி 1 லீற்றர், அதில் எப்சம் உப்பு 10 கிராம். மற்றதில் அதே 1 லீற்றர், அப்பச்சோடா 5 கிராம். தராசு இல்லாவிட்டால் தலைதட்டிய தேக்கரண்டியால் முதலாவதற்கு இரண்டு, இரண்டாவதற்கு ஒன்று, கிட்டத்தட்டச் சரியாக வரும். 10 லீற்றர் தண்ணிக்கு ஒவ்வொரு போத்தலிலும் 100 மில்லிலீற்றர் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். மக்னீசியம் 10, காரத்தன்மை 30, கூடுகிற சோடியம் 14 அளவில் வரும். 2 லீற்றருக்கு 28 மில்லிகிராம் சோடியம், கிணற்றுத் தண்ணியின் பத்தில் ஒன்று. பேனா 90, 100 அருகே காட்டும். சல்பேற்று 40 கூடத் தாண்டாது, கிணற்றிலேயே அவ்வளவு இருந்ததுதானே, பேதியாகாது. மக்னீசியத்தை இதற்கு மேல் ஏற்றினால் நாக்கில் கசக்கும். முதலில் பாதி அளவு போட்டு அம்மாவுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டையும் ஒரே போத்தலில் கரைக்க வேண்டாம், செறிவாக இருந்தால் அடியில் மாவு மாதிரிப் படியலாம். போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை புதிதாகக் கரையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளிய வைத்து ஊற்றலாமா என்று எப்படியும் ஒருவர் கேட்பார். அந்தத் தெளிந்த தண்ணியின் பிஎச் 12 க்கு மேல், சுண்ணாம்பில் வேறு என்னென்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. வேண்டாம்.

கிண்ணியாத் தம்பி சொன்ன வால்வு. கணக்கில் அது வேலை செய்யும். 750 கிணற்றுத் தண்ணியும் 18 பில்டர் தண்ணியும் சேர்ந்து 100 ஆக வேண்டுமென்றால் ஒன்பதில் ஒரு பங்கு கிணறு. ஆனால் அந்த ஒரு பங்கோடு கிருமியும் வரும். மணல் தரையில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று யோசியுங்கள். வால்வுக்குப் பிறகு கிருமி கொல்லுகிற யூவி விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அது எரிந்துகொண்டும் இருந்தால் சரி. இல்லையென்றால் திறக்க வேண்டாம். டவுனில் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குளோரின் போட்ட பைப் தண்ணி என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். அதற்கு ஆர்ஓவே தேவையில்லை.

கந்தளாய்ச் சந்தி:

நல்ல விளக்கம் அண்ணன். ஆனால் அந்த வால்வைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கலாம். இதை வாசிக்கிற எல்லாரும் கடற்கரையில் இல்லை. எங்கள் பக்கமும் பதவிசிறிபுரப் பக்கமும் பிரச்சினை சவர் இல்லை, புளோரைட்டும் கடினமும். சிறுநீரக நோய்க்குப் பயந்துதான் அங்கே ஊருக்கு ஊர் ஆர்ஓ நிலையம் வைத்தார்கள். புளோரைட்டை எடுக்கத்தான் ஆர்ஓ. பிறகு கிணற்றுத் தண்ணியைத் திரும்பக் கலந்தால் பில்டர் வாங்கினதில் என்ன பிரயோசனம்?

நிலாவெளி பம்ப்ரூம்:

கணக்காகப் பார்த்தால், கிணற்றில் புளோரைட்டு 1.6 என்று வைத்தாலும் ஒன்பதில் ஒரு பங்கு கலந்தால் 0.18 தான் வரும். நம் தர எல்லை 1.0. ஆகவே புளோரைட்டு மட்டும்தான் பயம் என்றால் வால்வு குற்றவாளி இல்லை. ஆனாலும் உங்கள் பக்கத்தில் நானும் திறக்க மாட்டேன். அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் விஞ்ஞானிகள் இன்னும் அறுதியாகக் கைகாட்டவில்லை. புளோரைட்டும் வன்மையும் சேர்வது, விவசாய இரசாயனம், வெயிலில் உடம்பு வறண்டுபோவது என்று பலதும் பேசப்படுகிறது. எது என்று தெரியாதபோது அந்தக் கிணற்றை முழுதாகத் தள்ளிவைப்பதுதான் புத்தி. இன்னொன்று, வால்வை யாராவது ருசிக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 300 இல் கொண்டுபோய் விடுவார்கள். நான் போய்ப் பார்க்கிற இடங்களில் பாதி அப்படித்தான் இருக்கும்.

கிண்ணியாப் பாலம்:

சரி அண்ணன், எங்கள் வீட்டில் போய்ப் பார்த்தேன். யூவி இருக்கிறது, விளக்கும் எரிகிறது. தப்பித்தேன். 😄

பாமசி அக்கா:

நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். எப்சம் உப்பு விசயத்தில் ஒரு சின்னச் சேர்க்கை.

உள்ளுக்கு எடுக்கலாம் என்று பொதியில் போட்டிருக்கிற மருந்துத் தரத்தையே வாங்குங்கள். கால் ஊறவைக்க, குளிக்க என்று வாசனையும் நிறமும் போட்டு வருகிறது, அது வேண்டாம். உரக்கடையில் மக்னீசியம் சல்பேற்று மலிவாகக் கிடைக்கும், அது பயிருக்கு.

தம்பி, அம்மாவுக்குப் பிரஷர் என்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி என்று கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள்? கிரியேற்றினின் கூடியவர்களுக்கு மக்னீசியம் உடம்பில் தேங்கும். பம்ப்ரூம் அண்ணா சொன்ன அளவு சாப்பாட்டில் வருவதோடு பார்க்கும்போது சின்னதுதான். இருந்தாலும் கிளினிக் போகும்போது டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கடையில் விற்கிற 'மினரல் துளிகள்' வாங்குவதாக இருந்தால் லேபலில் பொட்டாசியம் இருக்கிறதா என்று பாருங்கள். லொசார்ட்டன், எனலாப்ரில் மாதிரிப் பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கனவே கூடுகிற பக்கம்தான் நிற்கும். சோடியம் இல்லாத உப்பு என்று விற்பதும் அதே பொட்டாசியம்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மாப்பால் கரைக்க இந்தக் கலந்த தண்ணி எடுக்க வேண்டாம். மாவில் வேண்டியதெல்லாம் கணக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் சேர்க்காத ஆர்ஓ தண்ணியைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் இதை ஜீவனி என்று நினைத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஜீவனி பக்கற்றில் குளுக்கோசும் உப்பும் சரியான அளவில் இருக்கிறது, இதில் அது இல்லை. அப்படிக் கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உப்புவெளியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அக்கா, கிளினிக் கொப்பியைப் பார்த்தேன், சிறுநீரகப் பரிசோதனை சாதாரணமாகத்தான் இருக்கிறது. டொக்டரிடமும் கேட்டோம், இந்த அளவுக்குத் தடையில்லை என்றார். அம்மா லொசார்ட்டன்தான் போடுகிறா, அதனால் துளி மருந்து யோசனையை விட்டுவிட்டேன்.

பாதி அளவில் கலந்து, சொல்லாமல் கொள்ளாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்துவிட்டு, "இன்றைக்குக் கிணற்றுத் தண்ணியா?" என்று கேட்டா. சோடியக் கணக்கைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தா. முழு அளவில் போட்ட வெறும் தண்ணி எனக்குப் பிடித்திருக்கிறது, அவவுக்குக் கசக்கிறதாம். பாதியிலேயே நிற்கிறோம்.

பம்ப்ரூம் அண்ணா, மூன்று சந்தேகம். சமைக்கிறதற்கு எந்தத் தண்ணி? கல்சைட்டு காட்ரிஜ் போட்டால் எவ்வளவு நாள் வரும்? பில்டர் வெளியே தள்ளுகிற தண்ணியைப் பார்க்கவே வயிறெரிகிறது, பூக்கன்றுக்கு விடலாமா?

நிலாவெளி பம்ப்ரூம்:

சோறு, பருப்பு, மரக்கறி எல்லாவற்றுக்கும் கலந்த தண்ணியே நல்லது. மென்மையான தண்ணியில் அவித்து வடித்தால் மரக்கறியிலிருக்கிற கனியுப்பு கூடுதலாக வெளியே வரும். வடிக்காமல் வற்றவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. பருப்பு உங்கள் கிணற்றுத் தண்ணியைவிட இதில் சீக்கிரம் அவியும், கவனித்திருப்பீர்கள்.

காட்ரிஜ் எவ்வளவு நாள் என்று யாரும் திகதி சொல்ல முடியாது. மணிகள் கரைந்து குறையும், ஜிஎச் இறங்கும், அப்போது மாற்றுங்கள். மணி மிச்சம் இருந்தாலும் வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, ஈரமான இடத்தில் கிருமிப் படலம் வளரும். புதிதாகப் பூட்டியதும் பால் மாதிரிக் கலங்கி வரும், தெளியும்வரை ஓடவிடுங்கள். வெளியூர் போய்க் கிழமைக்கணக்கில் பாவிக்காமல் விட்டு வந்தாலும் முதல் சில லீற்றரை ஊற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் போத்தல் முறை சரியாகப் போகிறதென்றால் காட்ரிஜுக்குக் காசு போட நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பஞ்சி வந்து, கலக்க மறக்கத் தொடங்கினால் அப்போது வாங்குங்கள்.

கழிவுத் தண்ணி: வீட்டு ஆர்ஓ 1 லீற்றர் எடுக்க 2, 3 லீற்றரை வெளியே தள்ளும். அதில் ரிடிஎஸ் கிணற்றைவிடக் கூட, உங்கள் கிணற்றுக்கு ஏறக்குறைய 1000 வரும். ஒரு பரலில் பிடித்து மலசலகூடத்துக்கும் சீமெந்து நிலம் கழுவவும் எடுங்கள். பூக்கன்றுக்கு வேண்டாம், கச்சான் காலத்தில் மண்ணில் உப்புப் பூக்கும். தென்னை ஓரளவு தாங்கும், மல்லிகை தாங்காது.

உப்புவெளியான்:

கடைசியாக ஒன்று, தலைப்புக்கு வெளியே. மினரல் சேர்க்காத அந்த 18 தண்ணியை வீட்டு இன்வேட்டர் பற்றரிக்கு விடலாமா?

நிலாவெளி பம்ப்ரூம்:

விட வேண்டாம். 18 இல் இருப்பது பெரும்பாலும் சோடியமும் குளோரைட்டும் என்று மேலே சொன்னேனே, பற்றரித் தகட்டுக்கு அந்தக் குளோரைட்டுத்தான் எதிரி. பற்றரித் தண்ணி என்று தனியாகப் போத்தலில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஸ்திரிக்கைப் பெட்டிக்கு இது தாராளமாகப் போதும்.